பலகை இல்லாத கிழங்கு குடோன்

எங்கள் கூடத்துக்குப் பெயர் கிடையாது. ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கிற ஆட்டோக்காரரிடம் "காந்தல் கிழங்கு குடோன்" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் ஏற்றிக்கொள்வார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். கஞ்சா, காதல், உருப்படாத கூட்டம், இந்தப் பெண்ணைக் கேட்க வீட்டில் ஆள் இல்லையா. ஆள் இருந்தார். மார்க்கெட்டில் காரட் மண்டியில் உட்கார்ந்துகொண்டு, "எம் புள்ள பாட்டு கிளாஸுக்குப் போறாளுங்க" என்று கேட்டவரிடமெல்லாம் என் அப்பா பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடோன் என்றால் நிஜமாகவே குடோன்தான். மலையில் உருளைக்கிழங்கு கொழித்த காலத்தில் கட்டியது. கனத்த கல் சுவர், தகரக் கூரை, ஜன்னல் என்ற பேருக்குச் சுவர் உச்சியில் சில ஓட்டைகள். கிழங்குக்கு இருட்டும் குளிரும் பிடிக்கும், மனிதருக்குத்தான் பிடிக்காது. பிறகு கிழங்கில் நோய் விழுந்தது, விலையும் விழுந்தது, காடெல்லாம் தேயிலையாகவும் காரட்டாகவும் மாறியது, குடோன் காலியாகிவிட்டது. அதன் சொந்தக்காரர் ஒரு படுகர் பெரியவர். வீட்டில் கிட்டார் வாசித்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று, அப்போதுதான் காலேஜ் முடித்திருந்த நாங்கள் சிலர் அவர் முன்னால் போய் நின்றோம். "சும்மாதான கெடக்குது, வாசிச்சுக்கோங்க" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் வெள்ளைப் போர்வையும் தலைப்பாகையுமாக வந்து அடுப்புப் பக்கம் உட்காருவார். நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். வாசிப்பு நின்றால் விழித்துக்கொண்டு, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கோபித்துக்கொள்வார்.

நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன், சத்தமாக வாசித்தேன். எங்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஹட்டியிலிருந்து, படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம், படுகப் பையன்கள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புது மெட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கூடலூரிலிருந்து ஒரு மலையாள நாடகக்குழு மாதம் ஒரு தடவை வந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்த பிள்ளைகள் பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்து, அங்கே பாட முடியாததையெல்லாம் பாடினார்கள். ஸ்வெட்டர் கடை போட்டிருந்த திபெத்திய அம்மா ஒருவர் சீசன் இல்லாத மாதங்களில் வந்து, எங்களில் யாருக்கும் புரியாத ஒரு பாட்டைப் பாடுவார். ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. சுண்ணாம்பு அடித்த சுவரில் படம் ஓட்டுவோம். படம் முடிந்ததும் அதைப் பற்றி அடித்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஊட்டியின் மாற்றுக் கலாச்சாரம்" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு, எதற்கு மாற்று என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

உள்ளே வர டிக்கெட் கிடையாது. ஆளுக்கு ஒரு விறகுக்கட்டை கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். தேயிலை பேக்டரியில் கழித்துப் போட்ட இரும்பில் அடித்த ஒரு பெரிய அடுப்பு நடுவில் இருந்தது. அதற்குத் தீனி போடாவிட்டால் கிட்டார் கம்பியைத் தொட முடியாது, விரல் விறைத்துப்போகும். அதனால் சீகையோ, கற்பூர மரமோ, பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூரோ, கையில் ஒரு கட்டை இருந்தால் நீங்கள் எங்கள் ஆள். காரில் வருகிற இன்டர்நேஷனல் ஸ்கூல் பிள்ளைகளும் வழியில் இறங்கிக் கட்டை பொறுக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

பலகை மாட்டக்கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். சங்கம், மன்றம், கழகம், பேரவை எதுவும் கூடாது. தொடக்கத்தில் நாங்கள் ஒரு இங்கிலீஷ் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனோம். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "இதப் படிச்சுட்டு யாராச்சும் ஒருத்தன் நமக்கு இல்லைன்னு திரும்பிப் போவான். வேண்டாம்" என்று அந்தப் பலகையை வாங்கி அடுப்பில் போட்டார். நன்றாக எரிந்தது.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவருடையதுதான்.

அண்ணன் எனக்கு ரத்த சம்பந்தம் இல்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கீழ் கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு. அப்பா வழியில் வந்த தப்பு மேளம் அவர் கையில் இருந்தது. அங்கே விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடித்த தப்பு, இங்கே வந்தபின் சாவு வீட்டுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. சாவு வீட்டில் தப்பு அடிப்பவருக்குக் கூலியோடு குவார்ட்டரும் கொடுப்பது வழக்கம். குடிக்காமல் அடித்தால் அடி விழாது என்று கொடுப்பவர்களும் நம்பினார்கள், வாங்குபவர்களும் நம்பினார்கள். மலையில் சாவுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் அப்படித்தான் குடிகாரரானார்.

முதல் தடவை அவர் குடோன் வாசலுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ ஒரு சாவிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வழக்கத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும், கையில் ஒரு சீகைக்கட்டை இருந்தது. தோளில் தப்பு, நடையில் தள்ளாட்டம். பெரியவர் எழுந்து வாசலுக்குப் போனார். கட்டையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, "கட்டை உள்ள வரட்டும். நீ நாளைக்கு வா" என்றார். அண்ணன் திரும்பிப் போனார். கேவலமாகத் திட்டி அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கட்டையை வாங்கிக்கொண்டதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் வந்தார். தெளிவாக வந்தார். குடோனில் எங்கள் கிட்டாருக்கு நடுவே அவர் தப்பை எடுத்து அடித்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது. நாங்கள் அதுவரை வாசித்ததெல்லாம் பெரிய பாத்திரங்களை உருட்டிய சத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர்தான் எங்கள் வாசல்காரர். கட்டை வாங்குவது, அடுப்பைப் பார்ப்பது, யாராவது சுவரில் ஒட்டிவிட்டுப் போன கட்சி நோட்டீஸைக் கிழிப்பது, எல்லாம் அவர் வேலை. குடித்த வாடை அடிக்கிற ஆள் வந்தால் வழி மறிப்பார். "கட்டை உள்ள வரட்டும். நீ நாளைக்கு வா" என்று பெரியவர் குரலிலேயே சொல்வார். சாவுக்கு அடிப்பதை விட்டார். குடியையும் விட்டார். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த அண்ணி எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தபடி சொன்னாள்: "அந்தக் குடோன் இருக்கிற வரைக்கும்தான் எனக்குப் புருசன் இருக்கிறாரு தங்கச்சி. அது போனா இவரும் போவாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பெரியவர் ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் பாட்டில் தூங்கியே பழகியவர். அவர் சாவுக்கு அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் தப்பு அடித்தார். படுகர் வழக்கத்தில் அதற்கு இடமில்லை, அவர்களுக்கென்று வேறு வாத்தியம் உண்டு. ஆனாலும் ஹட்டியில் யாரும் தடுக்கவில்லை. ஓரமாக நின்று அடித்துவிட்டு வந்தார்.

பெங்களூரிலிருந்து பெரியவரின் மகன் வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"ரிசார்ட்காரங்க கேக்கறாங்க மேடம். எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை. உங்களுக்கே லீஸுக்கு எழுதித் தர்றேன். ஆனா யார் பேருக்கு எழுதறது? உங்களுக்குப் பேரே இல்லையே. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரக் கேக்கறது? பொறுப்பேத்துக்கற மாதிரி ஒரு பேர் கொண்டு வாங்க. சீசன் முடியறதுக்குள்ள."

அவர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒரு பேரு தானே தங்கச்சி? வச்சிக்கிட்டாப் போச்சு."

அப்படித்தான் நானும் நினைத்தேன். பெயர் வைக்க ஒரு கூட்டம் போட்டோம். இப்போது நினைத்தாலும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு சண்டை வந்திருந்தால் இன்றைக்கு எங்கள் குடோன் இருந்திருக்கும். ஒருத்தரும் சண்டை போடவில்லை. தமிழ் பேசுகிறவர்கள், "கட்டடம் அவங்களுது, படுகுலயே வெச்சிரலாமுங்க" என்றார்கள். படுகப் பையன்கள் பதறிப்போய், "வேண்டாங்க, ஊருக்கெல்லாம் புரியணும், தமிழ்லயே வைங்க" என்றார்கள். கூடலூர்க்காரர்கள், தங்களுக்கு எதுவானாலும் சரி, மலையாளம் மட்டும் வேண்டாம், ஊரில் தப்பாக நினைப்பார்கள் என்றார்கள். மாதா கோயில் பிள்ளைகள் தங்கள் பக்கத்துச் சாயல் எதிலும் வந்துவிடக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்கள். ஸ்வெட்டர் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நீங்க சொல்லுங்க", "இல்லீங்க நீங்க சொல்லுங்க" என்று டீ ஆறி, அடுப்பு அணைந்து, அவரவர் எழுந்து போனார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. அத்தனை வருடம் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடந்து பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்திலேயே கெட்டோம்.

பிறகு நான் ஒருத்தியாக அலைய ஆரம்பித்தேன். அப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அரை நாள் லீவ் போட்டுவிட்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கம்மி. அந்த மாதங்களில் நான் முழுங்கிய கோபம் ஒரு லாரி நிறையும்.

பாதிரியார் என்னை உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார். "நல்ல காரியந்தாம்மா. நம்ம பிள்ளைங்களும் அங்க வர்றாங்க. பங்கு இளைஞர் மன்றம் பேர்ல எடுத்துக்கலாம். ஒரு சின்னப் பலகை மட்டும் வைக்கணும், ஆயர் இல்லத்துல கேப்பாங்க."

முருகன் கோயில் கமிட்டித் தலைவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "அட, நம்ம ஊட்டுப் புள்ள. கமிட்டி எடுத்துக்குமுங்க, அதுக்கென்ன. வாசல்ல ஒரு வேல் மட்டும் வெச்சுக்கலாம்."

தாயகம் திரும்பியோர் சங்கத்தில் இருந்தவர் அண்ணனின் சொந்தக்காரர். சங்கத்தின் பெயரைப் பலகையில் போட்டால் உடனே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். தொழிற்சங்க ஆபீஸில், "கொடிக்கம்பம் ஒண்ணு நட்டுட்டா ஒருத்தனும் கை வைக்க மாட்டான் தோழர்" என்று தைரியம் சொன்னார்கள்.

எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் மனசு இருந்தது. "இப்ப இருக்கற மாதிரியே, பலகை இல்லாம உங்க பேர் மட்டும் தர முடியுமா?" என்று நான் கேட்ட உடனே எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி ஆனது. "எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற எடத்துக்கு நாங்க எப்பிடிங்க பொறுப்பேத்துக்கறது?" என்று கமிட்டித் தலைவர்தான் வாய்விட்டுச் சொன்னார். மற்றவர்கள் சொல்லாமல் விட்டதும் அதுவேதான்.

சாயங்காலம் திரும்பி வந்தால் அண்ணன் குடோன் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கீழ் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, நான் என்ன கொண்டுவருகிறேன் என்று பார்க்க நிற்பார். "என்னாச்சு தங்கச்சி?" நான் இல்லையென்று தலையாட்டினால் போதும். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வார். நாளாக ஆகக் கேட்பதையும் விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். கேள்வி கேட்ட நாட்களே தேவலை என்று எனக்கு இருந்தது.

சீசன் வந்துவிட்டது. ஊர் முழுக்க வண்டி, ஹாரன், மலர்க் கண்காட்சிக் கூட்டம். நான் நடந்தே எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணன் கேட்டார்.

"ஏதாச்சும் ஒரு பலகைய மாட்டிருவம் தங்கச்சி. சாமி பேரோ, சங்கத்துப் பேரோ. எதுவா இருந்தா என்னா?"

"மாட்டினா மத்தவங்க வருவாங்களாண்ணா?"

"வரமாட்டாங்க."

"அப்புறம்?"

"ஆனா குடோன் இருக்கும் தானே." அவர் என்னைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற எங்கயும் போக ஏலாது தங்கச்சி. நேத்திக்கு ஒரு சாவுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தாங்க. வரலைன்னு அனுப்பிட்டேன். அனுப்பிட்டு ராவெல்லாம் கை நடுங்குது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, ஏதாவது ஒரு பெயரைக் கத்தியாவது முடிவு செய்துவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அண்ணனுக்குச் சொன்னேன். அவர் முகத்தில் பல வாரத்துக்கப்புறம் ஒரு சிரிப்பு வந்தது.

ஞாயிறு காலை தூறல். நான் போய்ச் சேர்ந்தபோது குடோன் வாசலில் கூட்டம். முதலில் சந்தோஷப்பட்டேன், இவ்வளவு பேர் வந்துவிட்டார்களே என்று. கிட்டப் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

கதவுக்கு மேலே சிலுவை போட்ட இளைஞர் மன்றப் பலகை. அதற்கு மேலே வேல் வரைந்த கமிட்டிப் பலகை. அதையும் பாதி மறைத்துக்கொண்டு தாயகம் திரும்பியோர் சங்கத்தின் தகரப் பலகை, பெயின்ட் இன்னும் காயவில்லை. ஓரமாக ஒரு கொடி. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல், பொழுது விடிவதற்குள் வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெயர் வைக்கிற கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்பட்ட எங்கள் ஆட்களே தங்கள் தங்கள் பக்கம் போய்ச் சொல்லி, காப்பாற்றிவிட வேண்டுமென்று அவரவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்திருந்தார்கள். நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு பலகை வந்திருந்தது.

முதலில் மரியாதையாகத்தான் பேசினார்கள். "உங்களுதும் இருக்கட்டுங்க, கொஞ்சம் கீழ எறக்கிக்கலாமே." "நாங்க மொதல்ல அடிச்சமுங்க, மேல அடிச்சது ஆரு?" "மறைக்கிற மாதிரி அடிச்சா எப்பிடிங்க?" அந்த 'ங்க' ஒவ்வொன்றாக உதிர்ந்ததை நான் என் காதால் கேட்டேன். அது போனதும் குரல் ஏறியது. குடோனுக்குள் ஒருநாளும் வந்திராத ஆட்கள் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். அவர் வேலை அது. சுவரில் யார் எதை ஒட்டினாலும் எடுப்பது அவர் வேலை. "எல்லாத்தையும் எறக்கிர்றேன். ஒண்ணும் வேணாம். உள்ள உக்காந்து பேசுவம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கொடியை உருவிக் கீழே கொடுத்தார். சங்கத்துப் பலகையைக் கழற்றிக் கொடுத்தார், வேல் பலகையையும் கொடுத்தார். சிலுவைப் பலகைக்குக் கை வைத்தபோது அது நனைந்திருந்தது. ஆணி ஒரு பக்கம் மட்டும் விட்டது. பலகை சுழன்று அவர் கையிலிருந்து வழுக்கி, கல்படியில் விழுந்து, சிலுவைக்கு நடுவிலேயே இரண்டாகப் பிளந்தது.

அப்புறம் ரோட்டிலிருந்து யாரோ ஒருவன், "சிலுவைய ஒடச்சுட்டான்டா!" என்று கத்தினான். அது மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அண்ணன் ஏணி மேலேயே நின்றார். இறங்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்து அவரைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றியது. பாதிரியார் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, கைதவறி விழுந்ததுதான், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார். அதற்கு அவருக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் குடோன் வெளியே வரவில்லை. சட்டம் ஒழுங்கு என்று சொல்லி அதிகாரிகள் கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பெங்களூர் மகன் போனில், "அப்பா பேர்ல இருக்கற எடத்துல மதக் கலவரம்னு பேப்பர்ல வருது மேடம். ரிசார்ட்காரங்களும் வேண்டாம்னுட்டாங்க. நீங்களும் விட்டுருங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்குத் திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை.

சீல் இன்னும் இருக்கிறது. தகரம் துருப்பிடித்து ஒரு மூலையில் உள்வாங்கிவிட்டது. படுகப் பையன்கள் இப்போது கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறார்கள், நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். கூடலூர்க் குழு கலைந்துவிட்டது. மாதா கோயில் பிள்ளைகளில் ஒருத்தி வழியில் என்னைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ஸ்வெட்டர் அம்மா மட்டும் கடையில் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். என் கிட்டார் பீரோ மேல் கிடக்கிறது. அதைத் தொட எனக்கு மனசில்லை.

அண்ணனைத் தேடிக் கீழ் கோத்தகிரிக்குப் போனேன். அவர்கள் காம்பரா என்கிற லயத்து அறைக் கதவில் அண்ணி நின்றாள். "சாவுக்குப் போயிருக்கிறாரு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் பயந்துபோகும் அளவுக்கு அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால மூடுபனி வாசல்வரை வந்துவிட்டிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அண்ணன் நின்றார். தலையெல்லாம் ஈரம். தோளில் தப்பு, கையில் ஒரு சீகைக்கட்டை. கதவு திறந்ததும் வாடை அடித்தது.

"உள்ள வாங்கண்ணா."

அவர் அசையவில்லை. வாசற்படிக்கு வெளியே, சரியாக அதற்கு வெளியே, கால்களைச் சேர்த்து வைத்து நின்றுகொண்டிருந்தார். நிற்பதே பெரும்பாடாக இருந்தது.

"உள்ள வாங்கண்ணா, மழையில நிக்காதீங்க. போச்சாது, பரவாயில்ல வாங்க."

கட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கட்டை உள்ள வரட்டும் தங்கச்சி. நான் நாளைக்கு வாறேன்."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அவர் திரும்பி, பள்ளத்து ரோட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். பனி அவரை மறைத்தபின்னும் தப்பு சுவரில் இடிக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கொடுத்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். கட்டைகள் பின்பக்கச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. கரையான் வரும், எரித்துத் தொலை என்று அம்மா தினமும் சத்தம் போடுகிறாள். அவர் உள்ளே வருகிற அன்றைக்கு எரிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.